அறுபத்தொரு பற்கள் என்னுடையவை அல்ல

அனுப்புநர்
ஃபைனஸ் லோங்வே (வயது 58),
ஓய்வு பெற்ற செய்தியாளர்,
செல்போன் சார்ஜ் கடை, மீன் இறங்குதுறை,
கம்பேவா கிராமம், சிசாலே மாவட்டம், மலாவி.

பெறுநர்
மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்,
சிசாலே.

பொருள்: என் பெயரில் பதிவாகியுள்ள பற்களை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும், நிறுத்தப்பட்டுள்ள பல் மருத்துவப் படகை மீண்டும் அனுப்பவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 26.08.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட கடிதம் எனக்குக் கிடைத்தது. மார்ச் முதல் ஜூலை வரை கம்பேவா இறங்குதுறைக்கு வந்த பல் மருத்துவப் படகில் என் வாயிலிருந்து அறுபத்தொரு பற்கள் அகற்றப்பட்டதாகவும், அவற்றில் ஒன்பது பால் பற்கள் என்றும், கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் மட்டும் ஏழு முறை பிடுங்கப்பட்டதாகவும் அதில் கண்டுள்ளது. மீதமுள்ள பற்கள் என்ற கட்டத்தில் 'கழித்தல் 29' என்று குறிக்கப்பட்டுள்ளது. இது பொய்க் கணக்காக இருக்கலாம் என்பதால் படகு நிறுத்தப்பட்டதாகவும், பல் சிகிச்சையாளர் திரு. வொங்கானி கலுவா விசாரணை முடியும் வரை வேறு பணிக்கு மாற்றப்பட்டதாகவும் தெரிவித்து, என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. பற்கள்தான் என்னுடையவை அல்ல. எனக்கு இன்றைய தேதியில் முப்பத்திரண்டு பற்கள் உள்ளன.

2. நடந்தது இதுதான். எங்கள் ஊரில் பலரிடம் செல்போன் இல்லை. இருப்பவர்களின் போனும் பாதி நாள் உயிரற்று என் கடைப் பலகையில் கிடக்கும். ஆகவே எந்த அலுவலகம் எண் கேட்டாலும் ஊர் முழுவதும் என் எண்ணைத்தான் கொடுக்கும். விதை மானியம், பள்ளித் தேர்வு முடிவு, ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகனின் நலம் எல்லாம் என் போனுக்கு வரும்; நான் உரியவரிடம் சேர்ப்பேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இது நடக்கிறது. இதில் ஏமாற்று இருப்பதாக யாருக்கும் தோன்றியதே இல்லை.

3. மார்ச் 7ஆம் தேதி படகு முதன்முதலாக வந்தபோது வரிசையில் முதலில் நின்றவள் நான். பல்லைச் சுத்தம் மட்டும் செய்துகொண்டேன். திரு. கலுவா சுகாதாரத் துறை கொடுத்த செல்போனில் என் எண்ணைப் பதிந்தார். என் பெயரில் ஒரு நோயாளர் அட்டை திறந்தது. எனக்குப் பின்னால் நின்ற எட்டுப் பேரும் அதே எண்ணைச் சொன்னார்கள். புதிய அட்டை திறக்க அவர் முயன்றபோது 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று போன் மறுத்துவிட்டது. ஏரியில் மதியத்துக்கு மேல் ம்வேரா என்னும் பலத்த தென்கிழக்குக் காற்று எழும். அதற்குள் படகு திரும்பியாக வேண்டும். அவர் என் அட்டையிலேயே பதிந்து, ஒவ்வொரு பல்லுக்கும் எதிரே குறிப்புப் பெட்டியில் உரியவரின் பெயரை எழுதினார். தங்களுக்கு வரும் சுருக்க அறிக்கையில் குறிப்புப் பெட்டி இடம்பெறாது என்று பின்னர் அறிந்தேன். அதைத் திறந்து பார்த்த தங்கள் அலுவலர், பெயர்களைப் பிற்பாடு சேர்த்திருக்கவும் கூடும் என்று எழுதியுள்ளார். அந்த ஐயம் நியாயமானதே. நானும் செய்தியாளராக இருபத்தொரு ஆண்டுகள் அப்படி ஐயப்பட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.

4. எனவே வேறொரு பதிவைத் தங்கள் முன் வைக்கிறேன். பல் பிடுங்கிய மறுநாள் என் போனுக்குச் செய்தி வரும்: 'அன்புள்ள ஃபைனஸ் லோங்வே, தங்கள் கீழ் இடது கடைவாய்ப் பல் நேற்று அகற்றப்பட்டது. இன்று சூடாக எதுவும் உண்ண வேண்டாம்.' யாருடைய பல் என்று அதில் இருக்காது. கடை வாசலில் நின்று உரக்கக் கேட்பதைத் தவிர எனக்கு வழியில்லை.

"கீழ் எடது யாருப்பா?"

உசிபா மீன் காயப்போடும் பரண்களிலிருந்து பதில் வரும். "எனக்கு மேலக்கா!" என்பார் ஒருவர். "எடதா வலதா எனக்கென்ன தெரியும், நீயே பாத்துச் சொல்லு" என்று இன்னொருவர் கடைக்கே வந்து வாயைத் திறப்பார். நான் பார்த்து, நாள், பெயர், எந்தப் பல், செய்தி சொன்ன நேரம் ஆகியவற்றை நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டின் நகல் இணைப்பு 1. மார்ச்சில் ஒன்பது, ஏப்ரலில் பதினான்கு, மே மாதம் பன்னிரண்டு, ஜூனில் பதினைந்து, ஜூலையில் பதினொன்று. மொத்தம் நாற்பத்து மூன்று பேர், அறுபத்தொரு பற்கள். திரு. கலுவாவின் குறிப்புப் பெட்டியோடு ஒப்பிட்டால் ஒரு பெயர்கூட மாறியிருக்காது. அவர் என் நோட்டைப் பார்த்ததில்லை. நான் அவருடைய போனைப் பார்த்ததில்லை.

5. ஒரே நபர் எல்லா மறுபரிசோதனைக்கும் தவறாமல் வந்திருப்பதும் ஐயத்துக்குரியது என்று கடிதம் சொல்கிறது. அதற்கும் காரணம் உண்டு. ஜூலை 3ஆம் தேதி 'நாளை மறுபரிசோதனை' என்ற செய்தியை நான் வாசித்தபோது, படகு கட்டும் மத்தேயு நியாசுலு கேட்காதவர்போல் கீல் பூசிக்கொண்டிருந்தார். கரையில் இருந்தவர்கள் விடவில்லை.

"ஏண்ணே, முதலை கெடக்குற தண்ணில எறங்குறப்ப வராத பயம், பல்லு டாக்டரக் கண்டா மட்டும் வருதாக்கும்?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. கீலு காயணும்ல."

"கீலு தானா காயும். நீ மூஞ்சியக் கழுவிட்டுப் படுத்து எந்திரி, விடிஞ்சதும் கெளம்பணும்" என்றார் அவர் மனைவி.

மறுநாள் வரிசையில் அவர்தான் முதலில் நின்றார். செய்தி ஒருவருக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. தப்பிக்க இடமில்லை. ஒருவர்கூடத் தவறாமல் வந்ததற்கு வேறு சூழ்ச்சி ஏதுமில்லை, ஐயா.

6. செப்டம்பர் 17ஆம் தேதி என் சொந்த மேல் வலது கடைவாய்ப் பல் ஒன்றின் வலி தாங்காமல் நான்கு மணி நேரம் ஏரியில் பயணம் செய்து மாவட்ட மருத்துவமனைக்கு வந்தேன். பதிவு மேசையில் இருந்த பெண் என் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குப் பல்லே கெடையாதேம்மா."

"இருக்கேம்மா. இந்தா, வலிக்குதே."

"கம்ப்யூட்டர்ல இல்லையே."

"வாயில இருக்கு."

அவர் எழுந்து வந்து ஒரு பென்சில் முனையால் பொறுமையாக எண்ணினார். முப்பத்திரண்டு வந்தது. "அப்ப நீங்க தொண்ணூத்தி மூணு பல்லோட இருந்திருக்கீங்க. முதலைக்கே அவ்வளவு இருக்காது" என்றார். அவரும் சிரித்தார், வலியோடு நானும் சிரித்தேன். ஆனால் அட்டை விசாரணையில் முடக்கப்பட்டிருப்பதால் புதிய சிகிச்சை எதையும் பதிய முடியவில்லை. பதியாமல் பல் பிடுங்கக் கூடாது என்பது விதி. வலி மாத்திரை நான்கு கொடுத்து அனுப்பினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

7. அன்று மருத்துவமனைக் கிடங்கில் திரு. கலுவாவைக் கண்டேன். கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். விசாரணையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். "மத்தேயு அண்ணன் ரெண்டு பக்கமும் மெல்லுறாரா? போதகரம்மா தேத்தண்ணில சீனியக் கொறைச்சாங்களா? செல்லா மகளுக்குப் புதுப்பல்லு வந்துருச்சா?" மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது கேள்வியின் மதிப்பு அன்று எனக்கு விளங்கவில்லை.

8. பெயர்களை நம்ப இயலாதென்றால் வாய்களை நம்பலாம் என்று ஊர் முடிவு செய்தது. அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு நாற்பத்து மூன்று பேரும் இறங்குதுறையில் கூடினார்கள். பள்ளியிலிருந்து வாங்கிய சிலேட்டில் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வாயைத் திறக்க, என் செல்போனில் படம் எடுத்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் பெண்கள் குலவையிட்டார்கள். போதகரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்தி வந்திருந்தார். "உள்ளதான எடுக்கப் போறேன், துணி எதுக்கு?" என்றேன். "ஆபீசர் பாக்குற படம், கழுத்து வரைக்குமாவது எடு" என்றார். எடுத்தேன். மத்தேயு நியாசுலு இரண்டு ஓட்டைகளையும் காட்டிவிட்டு, கல்யாண வீடுகளில் பாட்டில் மூடி திறக்கத் தன்னிடம் இன்னும் போதிய பல் இருப்பதையும் பதிவு செய்யச் சொன்னார். அதை நான் பதியவில்லை, இங்கே குறிப்பிடுகிறேன்.

ஐயா, ஓட்டைகளைக் கூட்டினேன். அறுபதுதான் வந்தது.

மீண்டும் எண்ணினேன். அறுபது. மூன்றாம் முறை வேறொருவர் எண்ணினார். அறுபது. குலவை நின்றுவிட்டது. ஒன்று குறைந்தால் அறுபத்தொன்றும் பொய்யென்று ஆகிவிடும் என்பதும், படகு இனி வராது என்பதும் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. நோட்டை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். மே 2, தெம்வா ம்பாண்டே, வயது ஏழு, மேல் முன் பால் பல். படத்தில் அந்த இடத்தில் ஓட்டை இல்லை.

தானும் பல் பிடுங்கிக்கொண்டவரான தாய் செல்லா துடித்துப்போனார். "புடுங்கினப்ப நாந்தான்க்கா கூட இருந்தேன்! என் கையத்தான கடிச்சா! தழும்பு இருக்கு பாரு!"

குழந்தையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். பால் பல் போன இடத்தில் புதுப் பல் முளைத்திருந்தது. வெள்ளை வெளேரென்று, ரம்பம்போல் விளிம்போடு, பக்கத்துப் பல்லைவிடப் பெரிதாக. அப்போது எழுந்த சிரிப்பில் பரண்களில் மீன் கொத்த வந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின.

"சாட்சி மொளைச்சிருச்சுக்கா!" என்றார் மத்தேயு. "இப்ப ஆபீசருக்கு என்னன்னு எழுதுவ?"

உள்ளதை எழுதுகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன். திரு. கலுவாவின் மூன்றாவது கேள்விக்கான பதிலும் இதுவே. அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

9. இப்போது கோரிக்கைகள். இணைப்பு 1இன்படி என் அட்டையை நாற்பத்து நான்கு பேருக்கும், என்னையும் சேர்த்து, தனித்தனி அட்டைகளாகப் பிரித்துத் தர வேண்டுகிறேன். ஆளை அடையாளம் காணப் பெயரும் தாய் பெயரும் பிறந்த ஆண்டும் போதும். செல்போன் எண் என்பது வீட்டு வாசல் மாதிரி. ஒரே வாசல் வழியாக எத்தனை பேரும் வந்து போகலாம். சுருக்க அறிக்கையில் குறிப்புப் பெட்டியையும் சேர்த்தால், இதே ஏரிக்கரையில் வேறு ஊர்களில் வேறு யாரும் என்னைப்போல் பல்லிழக்க நேராது.

செய்திகள் தொடர்ந்து என் எண்ணுக்கே வரட்டும் என்பது சனிக்கிழமைக் கூட்டத்தின் முடிவு. அவரவருக்குத் தனி எண் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "நீ சத்தம் போட்டு வாசிக்கலேன்னா என்னைய யாரு இழுத்துட்டுப் போவா?" என்றார் மத்தேயு. இரண்டு பேர் மட்டும் தங்கள் செய்தியை ரகசியமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே புள்ளி வைத்திருக்கிறேன். அவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்வேன்.

திரு. கலுவாவைக் கிடங்கிலிருந்து விடுவித்து, படகோடு அனுப்ப வேண்டுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என மூன்று மாதமும் படகு வர வேண்டிய முதல் வியாழக்கிழமைகளில் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். இன்று பல்வலியோடு காத்திருப்பவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் ஒரு பெண் கன்னம் வீங்கி, ஒன்பது நாட்களாக மக்காச்சோளக் களியான நசிமாவைக் கஞ்சியாகக் கரைத்துத்தான் குடிக்கிறார். பெயர்ப் பட்டியல் இணைப்பு 3.

10. தாங்களோ தங்கள் பிரதிநிதியோ நேரில் வந்து எண்ணிப் பார்க்க விரும்பினால் மனமார வரவேற்கிறோம். ஆனால் தாமதம் வேண்டாம். ஒன்பது பால் பல் ஓட்டைகளில் ஒன்று மூடிவிட்டது. இன்னும் இரண்டில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கிறது. கிறிஸ்துமசுக்குள் நான்காவது முளைத்துவிடலாம் என்று தாய்மார்கள் கணிக்கிறார்கள். கம்பேவாவின் சாட்சியங்கள் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருகின்றன. அதைத் தடுக்க எங்களுக்கு வழியுமில்லை, மனமுமில்லை.

அடுத்த படகு நாள் நவம்பர் 7, வியாழக்கிழமை. படகு வந்தால் வரிசையில் முதலில் நான் நிற்பேன். பதிவின்படி அறுபத்தொரு பற்களை இழந்த நான், என் முதல் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் காத்திருக்கிறேன். அதை மட்டும் தயவுசெய்து என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இடம்: கம்பேவா
நாள்: 14.10.2024

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
ஃபைனஸ் லோங்வே
மற்றும் நாற்பத்து மூன்று பேரின் கையொப்பங்களும் பெருவிரல் ரேகைகளும்

இணைப்புகள்:
1. நோட்டின் நகல், 14 பக்கங்கள்.
2. திறந்த வாய்ப் படங்கள், 43. (செல்லா ம்பாண்டேயின் படம் மட்டும் கலங்கியுள்ளது. நிற்காமல் சிரித்துக்கொண்டிருந்ததால் மூன்று முறை எடுத்தும் தெளிவாக வரவில்லை.)
3. காத்திருப்போர் பட்டியல், 1 பக்கம்.
4. தெம்வா ம்பாண்டேயின் புதுப் பல், தனிப் படம், 1.