மழையில் கழற்றாத அச்சு

நேற்றுக் காலை நம்முடைய காரைக் கொண்டுபோய்விட்டார்கள். டிஸ்பென்சரிக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் கிடந்த வண்டியைச் சங்கிலி கட்டி இழுத்து, ஹட்டனிலிருந்து வந்த ஒரு லொறியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. ஈரத் தோல், பெட்ரோல், கார்போலிக், எல்லாம் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எனக்குத்தான் ஏதோ சுகமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். இங்கே இருந்தவரை உன்னை 'நீர்' என்றுதான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டிஸ்பென்சர், தோட்டத்து டிரைவரோடு வைத்துக்கொண்ட தூரம் அது. நீயும் 'ஐயா' என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது நீ இல்லாதபோதுதான் 'நீ' என்று எழுதும் தைரியம் வந்திருக்கிறது.

அந்தக் கார் சுதந்திரம் கிடைத்த பிறகு ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்றது. யுத்தத்துக்கு முந்திய வண்டி. பின்சீற்றைக் கழற்றிவிட்டு, ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைக்கும்படி பலகை அடித்தவன் நீ. டயகமப் பக்கத்து மேட்டுத் தேயிலைத் தோட்டம் நம்முடையது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது மைல். அந்த வண்டி ஓடினால் பிழைப்பார்கள், ஓடாவிட்டால் சாவார்கள் என்று இருந்தவர்களை நாம் இருவரும் எத்தனை தடவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

அது முறிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருவரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறிவந்தோம். கடைசி மேட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடியது, சக்கரம் சுற்றவில்லை. நீ கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாய்.

"பின் எக்சல் ரெண்டாப் போச்சுங்கய்யா."

பின்சக்கரத்தைச் சுழற்றுகிற அச்சு அது. ஹட்டனில் ஒட்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அதே இடத்தில் முறிந்தது. கொழும்புக்கு எழுதினோம். அந்த மாதிரி வண்டியின் சாமான் இப்போது சீமையிலேயே செய்வதில்லை என்று பதில் வந்தது. உன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. இடையில் இரத்தம் பட்டிருந்ததால், "இந்தப் பிள்ளைப்பேறு லயத்து அறையிலை நடக்கக் கூடாது, ஆஸ்பத்திரியிலைதான்" என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னவன் நான்.

அப்படித்தான் பழைய கார்களைத் தேடிப் போனோம். முதலில் கம்பளை. அங்கே ஒருவர் சக்கரமில்லாத ஒரு காருக்குள்ளேயே கணக்குப் புத்தகமும் மேசையுமாகக் கந்தோர் வைத்திருந்தார். வெளியே வரமாட்டார். கண்ணாடியை இறக்கி ஒரு பதில் சொல்வார், உடனே ஏற்றிவிடுவார். அடுத்த கேள்விக்கு மறுபடியும் கண்ணாடியைத் தட்ட வேண்டும். "முழுசா வாங்கு. கால் ஒருத்தனுக்கு கை ஒருத்தனுக்குன்னு நான் விக்கிறதில்ல" என்றார். கண்ணாடி ஏறியது. நீ விடாமல் தட்டினாய். அரைவாசி இறங்கியது. "கினிகத்தேனைக்குப் போ. அங்க ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கான். சரியான பைத்தியம். ஆனா சாமான் இருக்கும்." திரும்பி வரும் பஸ்ஸில் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கினிகத்தேனைக்குப் போகிற வழியில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். நீ கேட்டாய்: "ஐயா, வீட்ல மாசமா இருக்கிறத சொல்லிப்புடலாமாங்க? கேட்டா மனசு எறங்குவாரு."

"விசர்க் கதை கதையாதையும். அவசரம் எண்டு தெரிஞ்சால் விலையை ஏத்திப்போடுவான். தோட்டத்துக் காருக்கு எண்டு மட்டும் சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

நீ தலையை ஆட்டினாய். 'ஐயா' சொன்னால் நீ தலையை ஆட்டாமல் வேறென்ன செய்வாய்?

பாஸ் ஒரு வயதான சிங்களவர். துரைமாரின் கார்களை முப்பது வருடம் பழுது பார்த்த கை. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறியபோது அவர்கள் விட்டுப்போன வண்டிகளை எல்லாம் வாங்கித் தன் பலாமரங்களுக்குக் கீழே நிறுத்திவிட்டார். காலையில் எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றாட விடுவார். மாலையில் ஒவ்வொன்றாகச் சாத்துவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாராவது ஒரு பொனட்டில் சாய்ந்துவிட்டால் அன்றைக்கு அவர் எதையும் விற்கமாட்டார் என்று தேத்தண்ணிக் கடையிலேயே எச்சரித்து அனுப்பினார்கள்.

நம்மை ஒவ்வொரு வண்டியாகக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்து ஆட்களிடம் பழகிய தமிழ்; துரைமாரை மாத்தயா என்பார், துரைசானிமாரை நோனா என்பார். "இது நோனா. கோவம் ஜாஸ்தி. இது பாதிரி மாத்தயா, மெதுவாத்தான் போவார்." கடைசியில், ஒரு கித்தானுக்கு அடியில், அச்சு அசலாக நம்முடைய காரைப் போலவே இன்னொன்று. அதே விளக்கு, அதே மூக்கு. நீ உடனே குனிந்து பின்சக்கரத்துக்கு அடியில் பார்த்தாய்.

"இது லொக்கு மாத்தயா, பெரிய துரை" என்றார் பாஸ். "எக்சல் நல்லா இருக்கு. ஆனா இண்டைக்கி போயா. கழட்ட மாட்டேன்."

பௌத்தர்களுக்குப் பௌர்ணமி விரத நாள் என்று தெரிந்தும் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் நமக்கு வெறும் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் தந்தார், அவ்வளவுதான். புறப்படும்போது நீ, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாய். பாஸ் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த கெழம வா. ஒனக்குத் தாறேன்" என்றார்.

அடுத்த கிழமை மழை பிடித்துக்கொண்டது. கினிகத்தேனை மழை உனக்குத் தெரியாததா? ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் தூறலோடு போனோம். பாஸ் கித்தானைத் தொடவே விடவில்லை.

"மழைக்குள்ள தொறந்தா உள்ளுக்குத் தண்ணி போகும். மத்த சாமான் எல்லாம் செத்துரும். எபா, வேணாம். மழை விடட்டும்."

அந்த இடத்தில்தான் என் பொறுமை போனது. ஹட்டனுக்கு வர ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ், நனைந்த வேட்டி, ஒருவாரக் கவலை. அவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டேன். "செத்த இரும்புக்கு மழையென்ன வெயிலென்ன? நனைஞ்சால் காய்ச்சலே வரப்போகுது? குப்பையைக் கட்டி அழுதுகொண்டு ஆக்களை அலைக்கழிக்கிறாய்!"

பாஸ் குடையை மடக்கினார். நம் இருவரையும் கைகாட்டி வெளியே அனுப்பிவிட்டுப் படலையைப் பூட்டினார்.

நான் ரோட்டில் நின்றேன். நீ படலையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ், பாஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பஸ் வரும்வரை மழையில் அப்படியே நின்றாய். அப்போதுகூட நீ உன் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேனே.

பஸ்ஸில் ஏறியதும், "விடுங்கய்யா. மழ விட்டதும் நான் மட்டும் தனியா வந்து கேட்டுக்கிறேன்" என்றாய். எனக்குத்தான் ஆறுதல் சொன்னாய்.

மழை விடவில்லை. நான்காம் நாள் விடியற்காலை உன் மனைவிக்கு வலி கண்டது. ஒரு மாதம் முந்தி. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. நீ பக்கத்துத் தோட்டத்தில் வண்டி கேட்க ஓடினாய். எட்டுப் பேர் அவளைச் சாக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். நான் மருந்துப் பெட்டியோடு கூடவே நடந்தேன். மூன்றாவது வளைவில் இறக்கச் சொன்னேன். இரண்டு கம்பளியைக் குடையாகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தது, பெண். அழுதது. அதற்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை. என் பெட்டியில் இருந்த எதனாலும் நிற்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கார் வந்துருச்சாங்கய்யா?" என்று கேட்டாள்.

"வருது பிள்ளை" என்றேன்.

நீ பக்கத்துத் தோட்டத்து வான் வண்டியோடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு அடங்கியிருந்தது. நீ அழவில்லை. பிள்ளையை வாங்கி உன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய். அவள் கேட்டதை உன்னிடம் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. பிறகும் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மழை விட்டது. அன்று பகல் பஸ்ஸில் பாஸ் வந்து இறங்கினார். தோளில் சாக்கு, சாக்குக்குள் எண்ணெய் பூசித் துணி சுற்றிய அச்சு. அந்த வயதில் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்திருந்தார். கொட்டில் வாசலில் உன் காலடியில் இறக்கிவைத்தார்.

"மழை விட்டுச்சு. கொண்டாந்தேன். மாத்தயா ஏசினாரு, அதுக்கு நீ என்ன செய்வ?" என்றார். பிறகு லயத்துப் பக்கம் பார்த்து, வந்த இடத்தில் கேட்கிற மரியாதைக்காக, "வீட்ல எல்லாரும் சுகமா?" என்றார்.

பக்கத்தில் நின்ற கங்காணிதான் சொன்னார். பாஸ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் எனக்குச் சொல்லல? சொல்லியிருந்தா மழைக்குள்ளயும் கழட்டியிருப்பேனே. எல்லா வண்டியும் செத்தாலும் கழட்டியிருப்பேனே."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு கணம்தான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எனக்குத் தோணல பாஸ்" என்றாய்.

நான் அங்கேதான் நின்றேன், மூன்றடி தள்ளி. 'நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான்' என்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? என் வாய் திறக்கவில்லை. நீ குனிந்து அச்சை எடுத்தாய். அன்று பின்னேரமே பூட்டினாய். அடுத்த கிழமை அதே வளைவு வழியாக வேறொருத்தியைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோனாய். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வளைவில் நீ வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. உன் பிடரியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் நாம் சேர்ந்து வேலை செய்தோம். பேசினோம், தேத்தண்ணி குடித்தோம். நீ ஒரு தடவையாவது என்னிடம் கோபித்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். உன் பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. நீ என்னை மன்னித்துவிட்டாயா, அல்லது டிஸ்பென்சரய்யாவிடம் ஒரு டிரைவர் எதைக் கேட்க முடியும் என்று விட்டுவிட்டாயா? இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். ஆறு வருடம் பார்த்தும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் உனக்குத் திரும்பி வந்தது. பிறந்து வளர்ந்த மலையில் நீ யாருமில்லை என்று கடதாசியில் எழுதியிருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தாய். ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான் வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். மகள் ஜன்னலோரம் இருந்தாள். அச்சாக அவள் தாய். ரயில் நகர ஆரம்பித்ததும் நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்கய்யா. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாய்.

திருச்சிப் பக்கத்தில் ஏதோ காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்ததாக, உன்னோடு கப்பலேறிய ஒருவர் எழுதிய கடிதம் போன மாதம் வந்தது. பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மூன்று பேருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கினிகத்தேனைக்குப் போனேன். பாஸ் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது கேட்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நான் யார் என்று சொன்னேன். நீ இறந்ததைச் சொன்னேன். பிறகு, சொல்ல வேண்டாம் என்று உன்னைத் தடுத்தவன் நானே என்பதையும் சொன்னேன். அவர் பக்கத்து வண்டியின் கதவைத் தடவிப் பிடித்துச் சாத்தினார்.

"தெரியும்" என்றார். "எனக்குப் பதில் சொல்ல முந்தி அவன் ஒன்னைப் பாத்தான். நான் அதைப் பாத்தேன். நீ ஏதாவது சொல்லுவன்னு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தோம்."

நீயும் காத்திருந்தாய் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்தோடுதான் நான் இப்போது எழும்புகிறேன், மருந்து கலக்குகிறேன், படுக்கிறேன். நீ என்னைப் பார்க்கிறாய், நான் பேசாமல் நிற்கிறேன்.