உள் மொளிக்குப் பின்னால்

செவ்வாய், 3 ஜூன்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மல்லிகை சுருங்கி வந்தது, பாதி கழிவு. பூக்கடையைப் பக்கத்துச் சாம்பிராணிக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு இவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். இழுத்துத்தான். "ஒண்ணும் இல்ல சரசு, காய்ப்பு உரிஞ்சிருக்கு" என்று வழி முழுக்க அதே பாட்டு.

காய்ப்பு உரிந்ததாம்! இடது கணுக்கால், வெளிப்பக்க மொளி மேல் ஐம்பது சென் காசு அகலத்துக்குக் குழி. உள்ளே வெள்ளையாய் ஏதோ தெரிகிறது. பாயில் கறை பார்த்துத்தான் எனக்கே தெரியும். வலிக்கலையா என்றால் இல்லையாம். இனிப்பு நீர் வியாதி வந்து பதினாறு வருஷம். கால் எப்போது மரத்துப்போனது என்று இந்த மனிதருக்கே தெரியாது.

டாக்டர் சின்னப் பெண், சீனப் பெண். என்ன செருப்பு போடுகிறார் என்று மூன்று தரம் கேட்டார். செருப்பு அங்கே படவே படாதே. கடைசியில் நர்ஸ் மிஸிக்குத்தான் புரிந்தது, தமிழ்ப் பிள்ளை. "அண்ணே, கடையில எப்படி உக்காருவீங்க?" இவர் அந்த நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக் காட்டினார். பெருமை வேறு. முப்பத்திரண்டு வருஷம், விடியற்காலையிலிருந்து பலகை மேல், இடது கால் அடியில். மொத்த உடம்பும் அந்த ஓர் எலும்பின் மேல்.

மிஸி சொன்னவை, மறக்காமல் இருக்க:

– வெளி மொளி உள் மொளியைவிடக் கீழே இறங்கியிருக்கும், கொஞ்சம் பின்தள்ளி. (என் காலில் பார்த்தேன். ஆமாம். ஐம்பத்தெட்டு வயதுவரை கவனித்ததில்லை.)
– அதன் மேல் சதை கிடையாது. தோல், உடனே எலும்பு.
– உள் மொளிக்குப் பின்னால் ஒரு பள்ளம். அங்கே நாடி துடிக்கும். இவருக்கு மெல்லிசாகத்தான் துடிக்கிறதாம். தினமும் பார்க்கணும். துடிப்பு இல்லையென்றாலோ, கால் சில்லிட்டாலோ, நேரே ஆஸ்பத்திரி.
– சம்மணம் கூடவே கூடாது.
– வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரி, ரத்தக்குழாய் டாக்டர்.

"ரெண்டு விரல் வெச்சுப் பாருங்க அக்கா. ரொம்ப அழுத்தாதீங்க."

புதன், 4 ஜூன்

புழுக்கம். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லணும்.

காலை: காலைக் கழுவி, மருந்து வைத்து, துணி கட்டி, நாடி தேடி உட்கார்ந்தேன். கால் மணி நேரம். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நூல் இழுத்து இழுத்துக் காய்த்து மாட்டுத்தோல் மாதிரி. சூடான சட்டியைத் தொட்டாலும் தாமதமாகத்தான் உறைக்கிறது. பயத்தில் வியர்த்துவிட்டது. அப்புறம் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினேன். அப்பாடா! டக் டக் டக். மெல்லிசாம்! குதிரை ஓடுகிறது.

இவரிடம் சொன்னேன். "பார்த்தியா, நான்தான் சொன்னேன்ல" என்று சொல்லி, சீனி போட்டு மைலோ கலக்கிக் கேட்டார். மைலோவும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றேன்.

நாடி உண்டு. இனி சுருக்கமாக நா. உ.

வியாழன், 5 ஜூன்

நா. உ.

கடையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் சண்டை. "ஸ்டூல்ல உக்காந்தா மாலை கோணுது லா. மடி இல்லாம எப்படிக் கட்டுறது?" கோணினால் கோணட்டும், யார் கழுத்தில் போட்டு அளக்கப் போகிறார்கள் என்றேன். அதிலிருந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கட்டுகிறார்.

மத்தியானம் கல்யாண வீட்டு அம்மா வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம். மாலை எட்டு ஜோடி, பெண்ணுக்குப் பூஜடை, மேடைச் சரம். போன மாதமே சொன்னது, இவர்தான் கட்டணும் என்று பிடிவாதம். சனிக்கிழமை ஹரிராயா பெருநாள், பூ லாரி வராது. பூ முழுக்க நாளைக்கே வந்து இறங்கும். நாளைதான் ஆஸ்பத்திரி.

வெள்ளி, 6 ஜூன்

நா. உ. பலமாகவே.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அடுத்த வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன். எடுத்த பெண் கேட்டாள்: "கால் எப்படி இருக்கு? கறுத்திருக்கா? நாடி?" நாடி தினமும் பார்க்கிறேன், நல்லா இருக்கு என்றேன். சரி என்று தேதி போட்டுவிட்டாள். இவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போகலாம் என்றும் சொல்லவில்லை. முடிவு என்னுடையது. எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் மழை. ரோஜா நான்கு பெட்டி, சம்பங்கி இரண்டு.

சனி, 7 ஜூன்

பள்ளிவாசல் பக்கம் காலையிலிருந்து கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லை. நாங்கள் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே.

நா. உ.

பத்து மணிக்குப் பார்க்கிறேன், ஸ்டூல் காலி. பலகை மேல் சம்மணம். கட்டுப் போட்ட கால் அடியில். கத்தியிருக்கணும். இன்னும் ஆறு ஜோடி பாக்கி. வாயை மூடிக்கொண்டு ஜடை பின்னினேன். பழைய சேலையை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் தள்ளினேன், அவ்வளவுதான். சாயங்காலம் ஏழு மணி வரை அப்படியே இருந்தார். மாலைகள் அழகு. அதையும் சொல்லணும்.

ஞாயிறு, 8 ஜூன்

கல்யாணத்துக்குக் கொடுத்தாயிற்று. அந்த அம்மாவுக்குச் சந்தோஷம்.

கட்டுத்துணி ஈரம், பழுப்பு. சுற்றிலும் தோல் சிவப்பு. நா. உ. நாடி இருக்கும்வரை பயமில்லை.

திங்கள், 9 ஜூன்

நாள் முழுக்க மழை. இரண்டு பேருக்கும் அலுப்பு. இவர் பசியாறவில்லை, ரொட்டி அப்படியே கிடந்தது. காய்ச்சல் மாதிரி. நா. உ.

செவ்வாய், 10 ஜூன்

இடது பாதம் சில்லென்று இருக்கிறது. மழை, தரை ஈரம், வேறென்ன. காலுறை போட்டுவிட்டேன். சுண்டுவிரல் கொஞ்சம் நிறம் மாறினமாதிரி. வெளிச்சம் சரியில்லை.

நா. உ. நன்றாக அழுத்தி இரண்டு தரம் பார்த்தேன். துடிக்கிறது.

புதன், 11 ஜூன்

எழுத உட்கார முடியவில்லை, ஆனாலும்.

காலையில் காலுறையைக் கழற்றியதும் நாற்றம். முப்பது வருஷம் அழுகின பூவில் கை வைத்தவள், எனக்கே குமட்டியது. சுண்டுவிரல் கறுப்பு. மொளியில் எலும்பு தெரிகிறது. கிராப் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரி.

அவசரப் பிரிவில் தமிழ் டாக்டர், நாற்பது வயதிருக்கும். காலைத் தொட்டார். உள் மொளிக்குப் பின்னால் விரல் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். சின்ன மெஷினில் களிம்பு தடவி அதே இடத்தில் வைத்துச் சத்தம் கேட்டார். இரைச்சல்தான். "இங்க ஓட்டமே இல்ல. எப்போதிலிருந்து?"

நேற்றுகூடத் துடித்தது என்றேன். இந்த நோட்டைக் காட்டினேன். ஏழு நாள், ஏழு நா. உ. அவர் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"எப்படிப் பார்த்தீங்கம்மா? செஞ்சு காட்டுங்க."

காட்டினேன். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். துடித்தது. பாருங்க டாக்டர், இதோ துடிக்குது என்றேன்.

அவர் என் கையை மெதுவாக எடுத்துக் கட்டில் கம்பி மேல் வைத்தார். "இப்ப இதை அழுத்துங்க."

இரும்புக் கம்பி. அதே டக் டக் டக்.

"கட்டைவிரலுக்குச் சொந்த நாடி உண்டும்மா. அதனாலதான் ரெண்டு விரல்னு சொல்றது." திட்டவில்லை. இவர் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார், எதுவும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

வியாழன், 12 ஜூன்

வார்டு மூன்றாம் மாடி. ஜன்னலில் வெயில். வாங்க வேண்டியது: சோப்பு, துண்டு, சார்ஜர்.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் காலை எடுக்கணுமாம். புண் கணுக்காலில்தானே, ஏன் அவ்வளவு மேலே என்று சண்டைக்குப் போனேன். டாக்டர் தன் பேன்ட்டை மடித்துத் தன் காலிலேயே காட்டினார். மொளி என்பது தனி எலும்பே இல்லையாம். முழங்காலடியிலிருந்து இரண்டு எலும்பு இறங்கி வருகிறது. தடித்ததின் முனை உள் மொளி, மெல்லியதின் முனை வெளி மொளி. இரண்டும் சேர்ந்து பாதத்தின் எலும்பை இடுக்கிப் பிடித்திருக்கிறது. கீழ் நுனியில் பிடித்த அழுகல் மேலே ஏறும். ரத்தம் ஓடுகிற இடத்தில் வெட்டினால்தான் தையல் ஆறும்.

புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

இவரே கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எங்க வீட்டுல தெனம் நாடி பாப்பாங்க. ஒரு நாள் விட்டதில்ல. அப்படிப் பாத்தும் இப்படி ஆச்சு, என்ன செய்யறது?" அவர், "குடுத்து வெச்சவர்ணே நீங்க" என்கிறார். நான் தண்ணீர் பிடிக்கப் போகிறமாதிரி வெளியே போய்விட்டேன்.

பாவி நான். ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப்போட்ட கை இது. சொல்லாமல் இவரை உள்ளே அனுப்ப முடியாது. சொல்லவும் வாய் வரவில்லை.

வெள்ளி, 13 ஜூன்

மேகமூட்டம். ஆறு மணிக்கே பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். காலில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி.

சொல்லிவிட்டேன். கட்டைவிரல், கட்டில் கம்பி, தள்ளிப்போட்டது, எல்லாம். குனிந்துகொண்டேதான் சொன்னேன். "நான் பிடிச்சுப் பார்த்தது என் நாடியத்தாங்க. உங்களோடது எப்பவோ நின்னு போச்சு."

இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு:

"ஏழு நாளும் நல்லா அடிச்சுதா?"

"அடிச்சுது."

"அப்ப நீ நல்லாத்தான் இருக்க. ஒருத்தராவது இருக்கணும்ல."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. திட்டுங்களேன், ஒரு வார்த்தை திட்டித் தொலைங்களேன் என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. இவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார். "சம்மணம் போட்டது நான்தானே. நீயா என்னைத் தூக்கி உக்கார வெச்ச?" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஏழே முக்காலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது பத்து மணி. இன்னும் கூப்பிடவில்லை.