மழையில் மலையேறிய மலிவு டயர்கள்

கண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலைக்கும் பந்தயத்துக்கும் ஏற்றதென்று மலிவாக வாங்கிய டயர்களோடு, ஞாயிறன்று பன்வில மலையேற்றப் பந்தயத்தில் காரோட்டினேன். தொடங்கும்போதே மழை. மற்றவர்களின் விலைகூடிய பந்தய டயர்களில் தண்ணீர் வடிய வெட்டுகள் இல்லை. எனக்கு முன் ஓடியவர்கள் வளைவுகளில் வழுக்கினார்கள். என் டயர்களோ வீதியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறின. ஒரேயொரு முறை கார் கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். எனக்கு இரண்டாமிடம், அப்பா.

“பிள்ளை, இது தினம் ஓடுற காரோ?” என்று நடுவர் நவரட்ணராஜா கேட்டார்.

“ஓம், நாளைக்குக் கந்தோர் வேலைக்கும் இதிலதான் போவன்” என்றேன்.

அம்மாவின் மிளகாய்த்தூளைப் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடாமல், முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். பரிசுக் கோப்பையின் படம் உறையில் இருக்கிறது. எடுக்க ஆளில்லாததால் நான் அதில் இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
மதனி