சட்டி வைக்காத வீடு

மதினி,

இன்று காலை ஏர் ஃபிரையரின் கூடையை வெளியே இழுத்தேன். வலது ஓரத்தில், கம்பிச் சல்லடையில், கருகிய துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழைய சீஸ். மிக லேசாக வத்தல் காரம்.

மாசியில் நீங்கள் கடைசியாகச் செய்த காய் உருண்டையிலிருந்து வழிந்தது அது. பங்குனியில் காய்ச்சல் என்றுதான் உங்களை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அதன் பிறகு இந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. மேலே உங்கள் பூப்போட்ட துண்டு, நீங்கள் போட்டு மூடியபடி. தூசி எல்லாம் துண்டின் மேல். பெட்டி புதிது போல இருந்தது. அதுதான் என்னவோ செய்தது.

இன்று தீபாவளி.

இறப்பு நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரம் சொந்தக்காரர்கள் கொண்டுவருவார்கள். நேற்றே வந்துவிட்டது. பரளச்சியிலிருந்து உங்கள் அம்மா முறுக்கு கொடுத்துவிட்டிருந்தார்கள். அதிரசம், சேவு, சீடை. கூடம் முழுக்கத் தூக்குவாளிகள். அடுத்தவர்கள் வீட்டு எண்ணெயின் மணம். அண்ணன் ஒரு வாளியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லோடு வண்டியில் வீரசோழனுக்குப் போகிறார், டவுனுக்குப் போகிறார், எங்கே லோடு கிடைத்தாலும் போகிறார். சாப்பாடு வழியில் ஏதோ ஒரு கடையில். வீட்டுக்குத் தூங்க மட்டும் வருகிறார். அம்மா தினமும் தட்டு வைக்கிறாள். "சாப்ட்டேம்மா" என்கிறார். தட்டைத் திரும்பக் கவிழ்க்கும் சத்தம். நீங்கள் போன பிறகு, இந்த வீட்டில் அவர் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தண்ணீர் குடிப்பார். அதுவும் நின்றபடி.

இப்படி ஒரு தீபாவளி முன்பும் வந்தது. அப்பா இறந்த வருஷம்.

அப்போது சாப்பிடாமல் கிடந்தது அம்மா. டவுனுக்குப் போனால் அப்பா பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கி, சூடு போகாமல் துண்டில் சுருட்டிக் கொண்டுவருவார். அம்மாவுக்குப் பல்லில் சத்தம் கேட்டால்தான் தின்ற மாதிரி. அவர் போன பிறகு வெறும் கஞ்சி. எண்ணெய்த் தூக்கை அவளே பரணில் ஏற்றிவிட்டாள்.

நீங்கள் அடுப்படி நிலையில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள். மதுரையில் எம்.ஏ. சேர்ந்திருந்த புதிது. விடுமுறைக்கு வந்தவன், புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துப் படுத்திருந்தேன்.

"கொழுந்தனாரே, துக்க வீட்டுல காத்து வீசலாமா கூடாதா, அதுல போட்டிருக்கா?"

"காத்தா?"

"எந்திரி. காய் நறுக்கணும்."

அந்தப் பெட்டியை அதற்கு முந்தைய வருஷம் உங்கள் தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்திருந்தார். அப்பா அதைக் கோழி அடைக்கிற பெட்டி என்பார். அதுவரை நேற்றைய வடையைச் சூடாக்க மட்டும்தான் பயன்பட்டது.

சீனியவரைக்காயைப் பொடியாக நறுக்கச் சொன்னீர்கள். வேக வைத்துப் பிழிந்தீர்கள். மசித்த உருளைக்கிழங்கு, துருவிய கேரட், மல்லித்தழை, இடித்த முண்டு மிளகாய் வத்தல். நடுவில் ஒரு துண்டு சீஸ். அந்த சீஸுக்காக நீங்கள் டவுன் பஸ்ஸில் போய்வந்தது தனிக் கதை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் தூக்குவாளியில் போட்டு, அதற்குள் சீஸை வைத்துக் கொண்டுவந்தீர்கள். பாளையம்பட்டி தாண்டுவதற்குள் வாளி சொட்ட ஆரம்பித்துவிட்டதாம்.

"ஏம்மா, உள்ள மீனா?" என்றாராம் கண்டக்டர்.

"ஆமாண்ணே. செதிலு இல்லாத மீனு."

உருண்டைகளைச் சோளமாவுக் கரைசலில் முக்கி, டீக்கடை ரஸ்க் இடித்த பொடியில் புரட்டிப் பெட்டியில் வைத்தீர்கள். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. வெளியே வந்தது வெள்ளை வெளேரென்று, மாவு உதிர உதிர.

"இதை நம்ம நாய்க்குப் போட்டா, வேற வீடு பாத்துப் போயிரும்" என்றீர்கள்.

நான் சிரித்தேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு என்று பிறகுதான் உறைத்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. ஓர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அது மட்டும் வெடித்து, உள்ளே இருந்த சீஸ் வெளியே வழிந்திருந்தது. வழிந்த இடம் மட்டும் பொன்னாக, சுண்டினால் சத்தம் வரும்படி.

"தம்பி, இங்க பாரு. வெளிய வந்தது மட்டும் செவந்திருக்கு. உள்ளயே இருந்தது இளகிக் கெடக்கு."

அடுத்த தடவை பாதி சீஸைத் துருவி ரஸ்க் பொடியோடு கலந்து மேலே பூசினீர்கள். சீஸ் தன் நெய்யைத் தானே விட்டது. அந்த நெய்யிலேயே மேல்தோல் மொறுமொறுத்தது. வேறு எண்ணெய் தேவைப்படவில்லை.

மணம் கிளம்பியது. அம்மா வந்தாள்.

"யாரு சட்டி வச்சது?"

"சட்டியே இல்லத்தை."

"மணம் வருதே."

"அடுப்பப் பாருங்க. பூனை படுத்திருக்கு."

"எண்ணெ?"

"நீங்கதான பரண்ல ஏத்துனீக. ஏணி போட்டு நானா எறக்குவேன்?"

அம்மா பெட்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் கையை நீட்டி வெப்பம் பார்த்தாள்.

"அப்ப எதுலதான் பொரியுது?"

"காத்துல. பாலுல வந்த சாமான், காத்துல வேகுது. பாலுக்கும் காத்துக்கும் தீட்டு உண்டுமா? நீங்களே சொல்லுங்க."

"வாயி நல்லா நீளம் ஒனக்கு" என்றாள் அம்மா. ஆனால் போகவில்லை.

நீங்கள் தட்டை நீட்டவில்லை. அவள் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினீர்கள். அதை இன்றைக்கும் நினைக்கிறேன். முதுகைக் காட்டியதை.

கறுக் என்று ஒரு சத்தம்.

"என்னத்த வச்ச உள்ள? சவ்வு மாதிரி இழுக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொன்னு எடு. ருசி புடிபடல."

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்னத்தா அது, ஹோன்னு சத்தம்?"

"ஃபேன் ரிப்பேரு பெரியம்மா."

வாய் நிறைய உருண்டையோடு அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு அந்த உருண்டை துக்கத்திலிருந்து வெளியேறி விருந்துக்கு வந்தது. அண்ணன் வண்டியில் கொண்டுபோனார். நான் விடுதிக்குக் கொண்டுபோனேன். அறையில் நான் யாரோடும் பேசாமல் கிடப்பதைப் பற்றி யாரோ உங்களிடம் சொல்ல, போனில் ஒரு வரிதான் சொன்னீர்கள். "வெளிய வந்தாத்தான் தம்பி செவக்கும்." நான் ஏதோ உபதேசம் என்று நினைத்தேன். நீங்கள் அடுத்த வாக்கியத்திலேயே சீனியவரைக்காய் விலைக்குப் போய்விட்டீர்கள்.

நேற்று டவுனுக்குப் போனேன். சீஸ், ஐஸ், தூக்குவாளி. வாளி மடியில் சொட்டியது. கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருக்கலாம்.

இன்று காலை நான் கூடையை இழுத்து அந்தத் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அண்ணன். வண்டிச் சாவி கையில். தீபாவளி அன்றும் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்கு எடுத்த?"

"உருண்டை போடலாம்னு."

"வைலே உள்ள. வருஷம் திரும்பல. சட்டி வைக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

சத்தமாகச் சொல்லவில்லை. அவர் கண் என் மேல் இல்லை. அந்தத் துணுக்கின் மேல். கூடையைக் கழுவினால் அது போய்விடும். எனக்கும் அதுதான் பயம். நான் கூடையைப் பழையபடி தள்ளப் போனேன்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல்.

"ஏப்பா, அது சட்டியா?"

அண்ணன் திரும்பவில்லை.

"ஒங்கப்பாவுக்கு நான் புடிச்ச துக்கத்தவிடவா நீ பெருசாப் புடிக்கப் போற? எனக்கே சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கா, அது சட்டி இல்லன்னு. அடுப்பப் பாரு. எண்ணெயப் பாரு. பாலுக்கும் காத்துக்கும் ஏதுப்பா தீட்டு?"

உங்கள் வார்த்தைகள், மதினி. வரிசைகூட மாறவில்லை. அம்மாவின் வாயில்.

தெருவில் ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது. அண்ணன் சாவியை ஆணியில் மாட்டினார். என் கையிலிருந்து கூடையை வாங்கினார்.

"வெந்நீ இருக்கா? சும்மா தேச்சா போகாது. அவ ஊறப் போடுவா."

கொல்லையில் உட்கார்ந்து அவரே கழுவினார். நான் போய்ப் பார்க்கவில்லை. காய் நறுக்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டு. இதற்குத்தான் அன்று நீங்களும் காட்டினீர்கள் போல.

கூடை பளபளப்பாக வந்தது. அவர் கண் சிவந்திருந்தது. வலது ஓரத்தில் ஒன்றும் இல்லை.

பெட்டி ஓட ஆரம்பித்துப் பாதியில் கரண்ட் போனது. ஊர் முழுக்க மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கூடையை இழுக்கப் போனேன்.

"தொறக்காத" என்றார் அண்ணன். "உள்ள சூடு நிக்கும். அவ தொறக்க மாட்டா. அப்படியே விட்டுட்டுப் பேசிக்கிட்டிருப்பா."

அவ. காலையிலிருந்து இரண்டாவது முறையாக அந்தச் சொல் அவர் வாயில் வந்துவிட்டது. பங்குனியிலிருந்து வராதது.

ஆக, நாங்களும் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை. வீரசோழன் ரோட்டில் பள்ளம் பற்றி. உங்கள் தம்பி தை மாதம் வருவது பற்றி. அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். அதை நான் கவனித்தேன். அம்மாவும் கவனித்துக்கொண்டு கவனிக்காததுபோல் இருந்தாள்.

கரண்ட் வந்தது. ஹோ என்று பெட்டி மூச்சுவிட்டது. மணம் கிளம்பியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஃபேன் ரிப்பேரு."

"இன்னுமா சரி பண்ணல?" என்றார் பெரியம்மா. அவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

தட்டை அண்ணன் பக்கத்தில் வைத்தேன். நீட்டவில்லை. அம்மா உப்பு டப்பாவையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கறுக்.

"உப்பு கம்மி" என்றார்.

உங்களிடம் எப்போதும் சொல்வதுதான். நீங்கள் பதிலே சொல்லாமல் டப்பாவை நகர்த்துவீர்கள். டப்பா அங்கேயே இருந்தது. அவர் கிள்ளித் தூவிக்கொண்டார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை. அம்மா தட்டு வைத்தாள், சோற்றுத் தட்டு. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது கேட்டார்: "பொங்கலுக்கும் சட்டி வைக்கக் கூடாதுல்ல?"

"கூடாது" என்றாள் அம்மா.

"அப்ப லோடு எறக்கிட்டு வரையில நானே சீஸு வாங்கியாரேன்."

அதற்குள் மதியம். உங்கள் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். விரலில் வத்தல் காரம் போகவில்லை, சோப்புப் போட்டும். நான் பேசாமல் கிடக்கிற ஆள்தான் இப்போதும். ஆனால் ஒரு பெட்டியைத் திறக்கத் தெரிந்திருக்கிறது. தட்டை எங்கே வைக்க வேண்டும் என்பதும், எப்போது முதுகைக் காட்ட வேண்டும் என்பதும்.

கூடையைக் கழுவ எடுத்தேன் மதினி. வலது ஓரத்தில், அதே இடத்தில், ஒரு புதிய துணுக்கு ஒட்டியிருக்கிறது. காற்று அந்தப் பக்கம்தான் தள்ளும் போல.

வெந்நீர் வைத்திருக்கிறேன்.