அப்பா பிடித்த கொடுவா

கோயம்புத்தூர்,
ஆகஸ்ட் 1996

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தத் துபாய் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் நீ உட்கார்ந்துகொண்டு படி, கண்ணு. ஸ்டீவைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக நீ எழுதியதை நான் சொன்னதிலிருந்து அப்பா எப்படி இருக்கிறார் என்று உனக்கே தெரியும். "கொச்சிக்காரனா? அவங்களுக்கும் நமக்கும் என்னத்துக்கு ஒத்துவரும்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார், நீ போன் பண்ணினாலே செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுகிறார், செடியெல்லாம் அழுகிப்போகும் நிலைமை. இந்த மனிதரிடம் வாயால் பேசி ஆகாது என்று தெரிந்துதான், கொச்சித் தீவில் ஊர் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கும் ஸ்டீவின் அப்பா பைலியின் நம்பரை உன்னிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டாய், சும்மா என்றேன். சும்மா இல்லை.

மில்லில் ஓய்வு பெற்றதிலிருந்து, சின்ன வயதில் சிங்காநல்லூர் குளத்தில் கை நீள மீன் பிடித்த கதையைத்தானே அப்பா தினமும் சொல்கிறார். "ஏனுங்க, கொச்சியில தீவுக்குக் கூட்டிப்போயி மீன் புடிக்க உடறாங்களாமா, புடிச்சதையே சமைச்சுப் போடறாங்களாமா, உங்களுக்கு இப்பவும் கை வருமுங்களா?" என்று கேட்டேன். அந்தக் கடைசி வார்த்தை போதும், மறுநாளே ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். பைலிக்கும் நாங்கள் யாரென்று தெரியாது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வருகிறோம் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன்.

தொப்பியும் பூட்ஸுமாகப் படகில் ஏறிய உன் அப்பா முதலில் பிடித்தது என் குடையை. அடுத்த வீச்சில் தூண்டில் பைலியின் முண்டு வேட்டியில் மாட்டிக்கொண்டது, அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சாரே, இந்த மீன் வேண்டாம், கறி வைக்க ஆகாது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அப்பாவுக்கோ கோபம். அப்போதுதான் தூண்டில் கயிறு விர்ரென்று இழுத்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார், படகு ஒரு பக்கம் சாய்ந்தது, அவர் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. எனக்கு உயிரே இல்லை. பைலி பாய்ந்து வந்து இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார், இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள், ஆனால் கயிற்றை அப்பா விடவில்லை. வந்தது நல்ல பெரிய கொடுவா மீன். அதற்குப் பிறகு இருவரும் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள்போல ஆகிவிட்டார்கள்.

தீவில் அவர்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. பைலியின் மனைவி திரேசியா குடம்புளி போட்டுச் செக்கச்செவேலென்று குழம்பு வைத்திருந்தாள். தேங்காயெண்ணெய் தலைக்குத்தான் என்று சொல்கிற அப்பா மூன்றாம் தடவையும் சோறு வாங்கினார். பைலி மீன் தலையை எடுத்து அப்பா இலையில் வைத்துவிட்டு, தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "மகன் துபாயிலாணு. கோயம்புத்தூர்க்காரப் பெண்ணை இஷ்டப்பட்டிருக்கான், பேரு ஜெனிஷா. பெண்ணோட அப்பன் பெரிய மூர்க்கனாம் சாரே. அவர் சம்மதிக்காமக் கல்யாணம் வேண்டாம், காத்திருக்கோம்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. காத்திருந்தே வயசாயிடுமோன்னு எனக்குப் பயம்" என்றார். நான் இலையைவிட்டு நிமிரவே இல்லை. அப்பா மெல்லுவதை நிறுத்தினார், எழுந்து கை கழுவப் போனவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் கொஞ்சம் மிஞ்சிப்போய்விட்டேனோ என்று அப்போதுதான் பயந்தேன், அம்மணி. திரும்பி வந்தவர், "அந்த மூர்க்கன் நான்தானுங்க" என்றார். பைலி வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். அப்பாவே மறுபடியும், "புள்ளைங்க காத்திருக்கறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலீங்க. நானும் கேக்கலீங்க" என்றார். பைலி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரேசியா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாளே ஒரு சிரிப்பு, ஸ்டீவ் அனுப்பிய போட்டோவில் பார்த்த உன் முகஜாடையைப் படகிலிருந்து இறங்கும்போதே என்னிடம் கண்டுபிடித்துவிட்டாளாம்.

ரயில் பாலக்காடு தாண்டியது. அப்புறம்தான் அப்பா, "எப்பருந்து இந்தத் திட்டம்?" என்றார். "டூருக்குத்தானுங்க நான் ஏற்பாடு பண்ணுனேன், மீன் தானா வந்துச்சு" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் சிரிப்பில் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வேளாங்கண்ணி மாதா திருநாள் முடிந்ததும் பைலி வீட்டார் நம் வீட்டுக்கு வருகிறார்கள். உன் பிறந்த நாளன்று அப்பாவே போன் பண்ணிச் சம்மதம் சொல்லப்போகிறார், அதுவரை நான் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன். அதனால் நீ ஒன்றும் தெரியாதவள்போல இருக்க வேண்டும், முதலில் நம்பாதே, பிறகு கொஞ்சம் அழு, அவருக்கு அது பிடிக்கும். ஸ்டீவையும் உளறாமல் இருக்கச் சொல். இரவில் தலைக்குக் குளிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னையும் அந்தப் பையனையும் சேர்த்துக் காப்பாற்றட்டும்.

அப்பா கடைத்தெருவுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார், இந்தக் கவரை அவர் கையாலேயே தபால் பெட்டியில் போடக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆசை முத்தங்களுடன் உன் அம்மா,
ஞா. சூசைமேரி