திருப்பித் தராத ஓநாய்

மெய்ஜி 9-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 3

தினைக்குள் மறுபடி பன்றி. ஈட்டியால் குத்தினேன். செத்தது குட்டி, தாய் தப்பிவிட்டது.

மாலையில் கொழுந்தன் யசாகு வந்தான். என் கதவில் ஒட்டியிருக்கும் ஓநாய்ப் படத்தை மலைக்கோயிலுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஊரில் முடிவாம். வீட்டையும் பயிரையும் காக்க வரும் ஓநாய் ஒரு வருடத்து இரவல்தான். பழைய தாளைக் கொடுத்துப் புதியதை வாங்கி வர வேண்டும். என்னுடையது முப்பத்தொரு வருடமாக இருக்கிறது. அது பசியோடு அலைந்து ஊர் நாய்களைக் கிழிக்கிறது என்கிறார்கள்.

“குடுத்துடலாமே அண்ணி” என்றான். வருடா வருடம் சொல்வதுதான். சாது.

ஆகஸ்ட் 4

ஏன் கொடுக்க வேண்டும்? முப்பத்தொரு வருடம் முன்பு கரிச்சூளையில் என் கணவர் தோமெகிச்சியைக் கோடாலியால் பிளந்தார்கள். உடலைக் கொண்டுவந்தவன் பக்கத்து வீட்டுக் குமேசோ. அவன் மார்புவரை அவர் ரத்தம். வேறு யார் செய்திருப்பார்கள்? மலையேறி இந்த ஓநாயை வாங்கி வந்தேன். பலகையில் செதுக்கி அச்சடித்த கறுப்பு உடம்பு, பல் மட்டும் வெள்ளைத் தாள். கொன்றவன் தொண்டையைப் பிடி என்று சொல்லி ஒட்டினேன். அதன் கீழிருந்த எழுத்துகளைப் பார்த்துக் கரியால் கிறுக்கித்தான் எழுதவே பழகினேன். வேலை முடியாமல் அனுப்ப மாட்டேன்.

ஆகஸ்ட் 11

குமேசோ ஈரத்துணியும் கத்தியுமாக வந்தான், படத்தை உரிக்க.

“நகரு அக்கா. ஊருக்காகத்தான்.”

“என் புருஷன் ரத்தத்துல குளிச்ச கையால அதைத் தொடாதே.”

தொட்டான். அரிவாளால் வெட்டினேன். இரண்டு விரல் வாசற்படியில் விழுந்தது. ஓநாயின் முகத்தில் தெறித்ததை நான் துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 13

போலீஸ்காரரிடம் குமேசோ, விறகு பிளக்கும்போது தானே வெட்டிக்கொண்டதாகச் சொன்னானாம். அவன் எதுக்கு எனக்குப் பிச்சை போடறான்? யார் கேட்டா?

ஆகஸ்ட் 20

காட்டு ஓநாய் ஒன்று யசாகுவைக் கன்னத்திலிருந்து கழுத்துவரை கிழித்துவிட்டது. வாயில் நுரையோடு வந்ததாம். மூன்று பேர் தடியால் அடித்துக் கொன்றார்கள்.

ஆள் மாறிப்போச்சே, குருட்டு மிருகமே.

செப்டம்பர் 24

யசாகுவைத் தூணில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீரைக் கண்டாலே உடம்பு வில்லாய் வளைகிறது. உதட்டைத் தானே கடித்துத் துண்டாக்கிவிட்டான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தெளிந்தான்.

“அண்ணி… கதவுல இருக்கறதை எடுத்துடு. கோடாலி என்னுது. சூளை இருந்த மலைச்சரிவை அண்ணன் எனக்குத் தரமாட்டேன்னுட்டான். குமேசோ தூக்கிட்டுதான் வந்தான்.”

என் அடுப்புக்கு முப்பத்தொரு வருடம் விறகு வெட்டிப் போட்டவன்.

படத்தை எடுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டான். வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 26

இன்னும் கத்துகிறான். இங்குவரை கேட்கிறது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 27

முடிந்தது.

அக்டோபர் 3

தாள் உரியவில்லை. கதவுப் பலகையையே அறுத்து முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினேன். பூசாரி ரத்தக்கறையைப் பார்த்தார். புது ஓநாய் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 9

குமேசோவின் தினை அறுபடாமல் சாய்ந்து கிடந்தது. கதிர் அரிவாளோடு போய் ஓரத்திலிருந்து அறுக்கத் தொடங்கினேன். அவன் மனைவி என் காலடியில் காறித் துப்பினாள். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனும் இறங்கினான்.

“முப்பத்தொரு வருஷம் ஏன்டா வாயைத் திறக்கலே?”

“நான் இல்லைன்னு மொத வருஷம் பூரா சொன்னேன். நீதான் கேக்கலே.”

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கதிர்க்கட்டுப் போட அவனுக்கு விரல் போதவில்லை. அவன் பிடித்துக்கொண்டான், நான் முடிச்சுப் போட்டேன். எழுபத்திரண்டு கட்டு.