மேளம் நிற்கும் வாசல்

நேற்று மாலை தெருமுனையில் பழைய காகிதத்தைக் கொளுத்தித் தப்பட்டைகளை வாட்டினார்கள். தோல் காயும் அந்த வாசனை வந்தாலே நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன், உனக்குத் தெரியும். நேற்று சாத்தவில்லை. ஏன் என்பதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், கேட்க நீ இல்லாவிட்டாலும்.

கொருக்குப்பேட்டையில் ஆடித் திருவிழா நம் இருவருக்கும் ஒரே திருவிழாவாக இருந்ததில்லை. அம்மன் தேருக்கு முன்னால், உன் அப்பாவின் பக்கத்தில், நீ தப்பட்டை அடித்துக்கொண்டு வருவாய். எல்லா வாசலிலும் மேளம் அதிரும். எங்கள் வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடும். தேர் ஊமையாகக் கடந்து போகும். அடுத்த வீட்டில் மேளம் மறுபடி தொடங்கும். "உங்க வூட்டாண்ட வந்தா சாமிக்கே வாய் அடச்சிக்கிதுடா" என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்தார்கள். நீயும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய். சிரிக்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

வீட்டுப் பொறுப்பு எனக்கு வந்த பிறகு ஒரு திருவிழாவில், கற்பூரத் தட்டோடு வாசலில் நின்று உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அடிடா."

"வோணாம் மாமு. வுட்டுடு."

"எங்க வாசல்ல இன்னா, சாவா வுழுந்து கெடக்குது? அடி."

நீ குச்சியைக் கீழே இறக்கினாய். தெருவே பார்க்க உன்னை அறைந்தேன். கன்னத்தைக்கூடத் தடவாமல் நடந்துபோனாய். அதன்பின் பத்தொன்பது வருடம் நாம் பேசவில்லை. இந்த வருடம் பங்குனியில் நீ இறந்தபோதும் நான் வெளியே வரவில்லை. உன் பாடை என் வீட்டைக் கடக்கையில் சாவு மேளமும் நின்றது. செத்த பிறகும் அவமானப்படுத்துகிறான் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கோபத்தில் மூன்று பக்க மனு எழுதி விழாக் கமிட்டியில் கொடுத்தேன். என் வாசலில் மேளம் அடிக்க வேண்டும். இல்லையென்றால் தேர் இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது. இப்போது மேளத்தை நடத்துவது உன் மகன் என்பதால், முறைப்படி ஒரு நகலை உன் வீட்டில் கொடுக்கப் போனேன். உன் மனைவி முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, மெய்யாலுமே உங்களுக்குத் தெரியாதா?"

சொன்னாள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ரயில் பாதையோரம் இந்த ஊர் நாலு தெருவாக இருந்த காலம். தேரை நிறுத்த அதன் சக்கரத்துக்குக் கட்டை போடுவது என் கொள்ளுத்தாத்தா. ஒரு திருவிழாவில் கட்டை நழுவியது. மேளக்காரர்களோடு ஆடிக்கொண்டு போன ஏழு வயதுப் பெண் சக்கரத்தில் சிக்கினாள். உன் தாத்தாவின் அக்கா.

"அப்பறம் மோளம் கேட்டாலே உங்க கொள்ளுத்தாத்தா நடுங்கிக்கினு சுருண்டு வுழுந்துடுவாராம். மறுவர்சம் பொண்ணப் பெத்தவரே, 'அவன் வாசல்ல அடிக்காதீங்கடா, தாங்க மாட்டான்'னு நிறுத்திட்டாராம். அந்த வூட்டுப் புள்ளைங்களுக்கு இது தெரியக் கூடாதுன்னு எங்க ஆளுங்க கோயில்ல சத்தியம் பண்ணிக்கினாங்க. நீங்க பேப்பரு எழுதிக்கினு வந்துட்டீங்க, அதான் சொல்லிட்டேன். இவுரு இருந்தா இப்பவும் சொல்லியிருக்க மாட்டாரு."

அவள் கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போனது. வெளியே வந்தபோது, பிறந்து வளர்ந்த தெருவில், என் வீடு எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் பிடிபடவில்லை.

உனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. கோபம்தான் வருகிறது. அறை வாங்கிய அன்றாவது சொல்லியிருக்கலாம். என்னைக் காப்பாற்ற நீ யார்? நீ வாயை மூடிக்கொண்டாய். நான் பத்தொன்பது வருடம் அற்பனாக வாழ்ந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து உன் மகன் வந்தான். "மனுவப் பாத்துட்டு கமிட்டில அடிக்கச் சொல்லிட்டாங்க மாமா. அடிக்கவா?"

"வேண்டாம்" என்றேன்.

நேற்று கதவைத் திறந்துவைத்து நின்றேன். பத்தடி முன்னால் உன் மகன் கையை உயர்த்தினான், மேளம் நின்றது. அப்போதுதான் கேட்டது, மரச் சக்கரம் தார்ச் சாலையில் உருளும் சத்தம். மேளத்துக்கு அடியில் அது எப்போதும் இருந்திருக்கிறது. எங்கள் வாசலில் மட்டும்தான் வெளியே கேட்கும். ஒவ்வொரு வருடமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நீ தலைகுனிந்து போயிருக்கிறாய். தேர் போய்விட்டது. அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை.